தாத்தாவின் சவரக்கத்தி ரெடி... தோல்வார் ஏன் சொரசொரக்கிறது?

தூக்கி எறியவும் வேண்டாம்... எண்ணெயில் குளிப்பாட்டவும் வேண்டாம்!

ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால், டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் ஒரு வேலை தானாக வந்து சேரும். ஒழுகும் இடத்துக்குக் கீழே பாத்திரம் வைத்த கையோடு, நனைந்துவிடப் போகிறதே என்று பரணில் கிடக்கும் சாமான்களை இறக்குவார்கள். அப்படி இறங்கும் தகரப்பெட்டிகளில் சிலவற்றில், துணி சுற்றிய ஒரு மடக்குச் சவரக்கத்தி இருக்கும். பக்கத்திலேயே சுருட்டி வைத்த ஒரு தோல்வார்.

கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டால் கொஞ்சம் பளபளப்பு வந்துவிடும். 'தாத்தா இதில்தான் சவரம் செய்துகொள்வாராம்' என்று பேரனுக்கு ஆசையும் வந்துவிடும். வாரில்தான் சிக்கல். விரித்தால் விறைத்துக்கொண்டு நிற்கும். மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். உள்ளங்கையால் தடவினால் வைக்கோலைத் தடவியது போல இருக்கும்.

பரண்தான் என்றில்லை. சவரக்கத்தியை ஆசைப்பட்டு ஆன்லைனில் வாங்கும் இளைஞர்களுக்கும் இதே குறை உண்டு. விலை குறைந்த செட்டுகளில் கத்தியோடு சேர்ந்து வரும் வார், புத்தம் புதுசாகவே சொரசொரவென்று இருக்கும்.

பெரும்பாலானோர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கிறார்கள். 'இது ஆகாது' என்று குப்பையில் போடுகிறார்கள். இல்லையென்றால், தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி ஊறவைக்கிறார்கள். இரண்டுமே அவசரம். வார் சொரசொரப்பாக இருப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. எந்தக் காரணம் என்று பார்த்துவிட்டால், பாதி வார்களைக் காசு செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

கருக்கரிவாளுக்குப் பல் வேண்டும்... சவரக்கத்திக்குக் கூடாது!

முதலில், கத்திக்கு எதற்குத் தோல்? அறுவடைக்குப் போகும் கருக்கரிவாளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அதன் வாயில் பொடிப்பொடியாகப் பல் இருக்கும். நெல் தாளைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அறுக்க அந்தப் பல்தான் உதவுகிறது. அதே பல் சவரக்கத்தியில் இருந்தால் கன்னம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாணைக்கல்லில் தீட்டி எடுத்த சவரக்கத்தி கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் கீறிய தடங்களும், விளிம்பில் நுண்ணிய பிசிறுகளும் தெரியும். அந்தக் கத்தியைத் தோலில் முன்னும் பின்னுமாக இழுக்கும்போது பிசிறுகள் சில நேராகின்றன, சில உதிர்கின்றன, வாய் மெருகேறுகிறது. கூர் கொடுப்பது கல். அந்தக் கூரை முகம் தாங்கும்படி பதப்படுத்துவது தோல்.

இதை ஒருமுறை செய்தால் போதாது. ஒவ்வொரு சவரத்திலும் கத்தியின் வாய் கொஞ்சம் கெடுகிறது. மனித முடி, பிளேடு செய்யும் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட முடி எஃகை எப்படி மழுங்கவைக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் விடை சொன்னார்கள். எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. பலவீனமான ஓர் இடத்தில், வளைந்து நிற்கும் முடி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்து மோதினால், அந்த இடத்தில் எஃகு நுண்ணிய சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது.

பிளேடு என்றால் அதோடு தூக்கிப் போட்டுவிடலாம். வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும் சவரக்கத்தியை ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோலில் தீட்டியே ஆக வேண்டும். தினமும் கத்தியின் வாய் தொடும் இடம் அந்த வார். அதில் மேடு பள்ளமோ, ஒரே ஒரு மணல் துகளோ இருந்தாலும் கல்லில் பாடுபட்டு ஏற்றிய கூர் வீணாகிவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல தோலும் கத்தியை லேசாகப் பிடித்து இழுக்கும். அந்த இழுவை இருந்தால்தான் தீட்டலே நடக்கும். தடவினால் வெல்வெட் போல இருந்து, கத்தியை மெல்லப் பிடிக்கிறது என்றால் அது ஆரோக்கியமான வார். கத்தி தட்டித் தட்டிப் போகிறது, 'கரகர' என்று சத்தம் வருகிறது என்றால்தான் வைத்தியம் தேவை.

உள்ளங்கை சோதனை: உங்கள் வார் எந்த வகை?

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். வாரை மேசையில் விரித்து, உள்ளங்கையால் இரண்டு திசையிலும் தடவிப் பாருங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை வாரின் ஓரத்தில் படுக்கவைத்து அடியுங்கள். மேடு, பள்ளம், கீறல், ஒட்டியிருக்கும் துகள் எல்லாம் நிழலோடு தெரியும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த நாலு வகையில் ஒன்றாக இருக்கும்.

1. பக்கம் மாறிப்போன வார்

தோலுக்கு இரண்டு பக்கம். முடி இருந்த மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். சதையை ஒட்டியிருந்த உள்பக்கம் நார் நாராகத்தான் இருக்கும். பலர் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு 'கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். திருப்பிப் பாருங்கள். சில வார்களில் தோலோடு சேர்த்து ஒரு கெட்டித் துணிப் பட்டையும் தொங்கும். அது கோளாறு இல்லை. முதலில் துணியில் சில இழுப்பு, பிறகு தோலில் என்பதுதான் முறை. துணி கத்தியின் வாயைத் துடைத்து, தோலுக்குத் தயார் செய்கிறது.

2. பழகாத புது வார்

புதுச் செருப்பு காலுக்குப் பழக வேண்டும் என்பது போல, புது வார் கைக்குப் பழக வேண்டும். இதற்குச் சிறந்த மருந்து உங்கள் உள்ளங்கைதான். தினமும் ஐந்து, பத்து நிமிடம், சற்று அழுத்தி, ஒரே திசையில் தேய்த்துவிடுங்கள். கையின் சூடும், தோலில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து வாரின் மயிரிழை நார்களைப் படியவைக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வழவழப்பான கண்ணாடி பாட்டிலைச் சப்பாத்திக் கட்டை போல உருட்டித் தேய்ப்பதும் உதவும்.

அதற்கும் அடங்கவில்லையா? தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளில் நைஸான ரகம், 400 எண், வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு சமமான மரக்கட்டையில் சுற்றி, கை கனம் கொடுக்காமல், ஒரே திசையில் தேயுங்கள். பிறகு 600 எண்ணில் ஒரு முறை. பாதம் தேய்க்கும் நுரைக்கல்லில் மென்மையானது இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். தேய்த்து முடித்ததும் தூசியை ஒன்றுக்கு இரண்டு முறை துடைத்துவிடுங்கள். உப்புத்தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் தங்கிவிட்டாலும், அடுத்து பலியாவது கத்தியின் வாய்தான்.

ஓர் எச்சரிக்கை. சில மலிவு வார்களில் மேலே பெயின்ட் பூச்சு இருக்கும். உப்புத்தாள் போட்டதும் அது பொருக்குப் பொருக்காக உரியும். முதலில் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

3. காய்ந்து, அழுக்கேறி, பூசணம் பிடித்த வார்

டெல்டாவில் பரணிலிருந்து இறங்கும் வார் பெரும்பாலும் இந்த வகை. கோடையில் ஓட்டுக்குக் கீழே வறண்டு, மழைக்காலத்தில் ஈரம் குடித்து, மறுபடி வறண்டு என்று பல வருடம் பாடுபட்டிருக்கும்.

முதலில் பூசணம். வாரை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. அடுத்து, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பிழிந்து, ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். நிறம் போகவில்லையென்றால் முழுவதும் லேசாகத் துடைத்து, நிழலில் காற்றாடக் காயவிடுங்கள். வெயிலில் போட வேண்டாம். அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து அழுக்கு. பழைய சோப்பு நுரை, கத்தியிலிருந்து வந்த கறுப்பு, விரல் பிசுக்கு எல்லாம் சேர்ந்து இறுகியிருக்கும். மென்மையான சோப்பில் நுரையை மட்டும் எடுத்து, தண்ணீர் சொட்டாமல், துணியால் வட்டமாகத் தேய்த்து உடனே துடைத்துவிடுங்கள். தோலுக்கென்றே விற்கும் சோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. வாரைத் தண்ணீரில் முக்கினால் காயும்போது சுருங்கி, கோணிக்கொண்டு, முன்பைவிட மோசமாக விறைத்துவிடும். ஓரங்கள் மேலே வளைந்திருந்தால், துடைத்த ஈரம் முழுவதும் காய்வதற்குள் இரண்டு சமமான பலகைகளுக்கு இடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

கடைசியாகத்தான் எண்ணெய். அதுவும் சொட்டுக் கணக்கில். தோல் பொருள்களுக்கென்றே 'நீட்ஸ்ஃபுட் ஆயில்' என்று ஒன்று விற்கிறது. மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. இரண்டு, மூன்று சொட்டை உள்ளங்கையில் பரப்பி, வார் முழுவதும் தேய்த்துவிட்டு ஒரு நாள் அப்படியே விடுங்கள். இன்னும் வறட்சி தெரிந்தால் மறுநாள் மறுபடியும் இரண்டு சொட்டு.

தேங்காய் எண்ணெய் போடக் கூடாதா? கத்திக்குப் போடலாம். துருப்பிடிக்காமல் காக்கும். வாருக்குத் தாராளமாக ஊற்றினால் தோல் தொளதொளத்து, பிசுபிசுத்து, பறக்கிற தூசியையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெய்கள் நாளாக ஆக சிக்கு வாடையும் அடிக்கும்.

4. வெட்டுப்பட்ட வார்

பழகாத கையில் கத்தி புரண்டால் முதல் வெட்டு வாருக்குத்தான். ஓரத்தில் சின்ன வெட்டு என்றால் கவலையில்லை. உப்புத்தாளால் அந்த விளிம்பைச் சரித்துவிட்டால் போதும். நடுவில் தோல் செதிலாக எழும்பி நின்றால், செருப்புத் தைக்கும் இடங்களில் பயன்படுத்தும் சொல்யூஷனை ஊசி முனையால் உள்ளே தடவி, அழுத்தி ஒட்டி, காய்ந்தபின் 600 எண் தாளால் சமப்படுத்துங்கள். ஆழமான வெட்டு என்றால், நல்லபடியாக இருக்கும் துண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒரு சமமான பலகையில் ஒட்டிவிடலாம். தொங்கும் வாரைவிடப் பலகை வார், புதிதாகப் பழகுபவர்களுக்குப் பாதுகாப்பானதும்கூட.

மடக்கும்போது மேல்பக்கம் வெடித்து உதிர்கிறதா? அந்த வாருக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளலாம், தீட்டுவதற்கு ஆகாது.

முதுகு முன்னால்... வாய் பின்னால்!

வாரைச் சரிசெய்த கையோடு தீட்டும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். தவறாகத் தீட்டினால் வார் மறுபடி சொரசொரப்பாகும்.

வாரின் ஒரு முனையை ஆணியிலோ கொக்கியிலோ மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடியுங்கள். தொய்வு இருந்தால் கத்தியின் வாய் உருண்டு மழுங்கும். கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் படும்படி படுக்கவையுங்கள். முதுகு முன்னே போக, வாய் பின்னே வர வேண்டும். முனைக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல், முதுகின் மேலேயே புரட்டித் திரும்புங்கள். வாயின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கத்தியும் போச்சு. கத்தியின் கனமே போதும், அழுத்தம் தேவையில்லை. போய் வருவது ஒரு முறை என்று கணக்கு வைத்தால், சவரத்துக்கு முன் 30 முதல் 50 முறை.

பழைய ஆட்கள் 'சரக் சரக்' என்று மின்னல் வேகத்தில் இழுத்ததைப் பார்த்த ஞாபகத்தில் நீங்களும் வேகம் காட்ட வேண்டாம். அது பல வருடப் பழக்கம். அவர்களில் சிலர் கடைசியாக உள்ளங்கையிலேயே கத்தியை இரண்டு இழுப்பு இழுப்பார்கள். அதை முயற்சி செய்யவே செய்யாதீர்கள். முதல் சில நாள், மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை வைத்துப் புரட்டிப் பழகுங்கள்.

பல வருடம் பரணில் கிடந்த கத்தியை வார் மட்டுமே காப்பாற்றாது. வாயில் சில்லு, துரு, மழுங்கல் இருந்தால் முதலில் சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். ஆயிரம் எண் கல்லில் தொடங்கி, எட்டாயிரம், அதற்கும் மேல் என நைஸான கல்லில் முடிக்கும் வேலை அது. அரிவாள்மணையைச் சாணை பிடிக்கும் சக்கரத்தில் கொடுத்தால், மெல்லிய சவரக்கத்தி சூடேறி எஃகின் பதமே போய்விடும்.

தோல் எங்கே கிடைக்கும்? ஆவாரம்பூவைக் கேளுங்கள்!

வார் தேறவில்லை, புதுத் தோல் வாங்க வேண்டும் என்றால் வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. வாருக்கு ஏற்றது, மரப்பட்டை கொண்டு பதனிட்ட தோல். நெருக்கமாக, சற்று விறைப்பாக, இழுத்தால் நீளாமல் இருக்கும். இந்த வேலைக்குப் பேர்போன ஊர்கள் டெல்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் பரம்பரையாக ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டு வந்தார்கள். கடுக்காயும் சேரும். வெள்ளைக்காரர் காலத்தில் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரோடு கப்பலேறியது இதுதான். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரம்தான். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே 'தோல் பதனிடுவோரின் செடி' என்ற பொருளில் அமைந்தது. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. இன்று 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் இந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

செருப்பு, பை, ஜாக்கெட் கடைகளில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. வேகமாகப் பதமாகும், மிருதுவாக இருக்கும், இழுத்தால் நீளும். தொங்கவிட்டு இழுத்துத் தீட்டும் வாருக்கு அது அவ்வளவு பொருந்தாது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளே நீலமோ சாம்பலோ தெரிந்தால் பெரும்பாலும் குரோமியம். மரப்பட்டையில் பதனிட்டதென்றால் பழுப்பாக இருக்கும்.

'தஞ்சாவூரில் மிருதங்கம் செய்கிறார்களே, அந்த வாரை வாங்கினால் என்ன?' என்று கேட்கலாம். மிருதங்கத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டைக்கும் வார் என்றுதான் பெயர். எருமைத்தோலில் செய்வது. ஆனால், அது பதனிடாத பச்சைத்தோலைக் காயவைத்தது. இழுவிசையைத் தாங்குவதுதான் அதன் வேலை. காய்ந்தால் கட்டைபோல் விறைக்கும், ஈரம் பட்டால் தளரும். சவரக்கத்திக்கு உதவாது.

செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் கேட்கும்போது அளவைச் சொல்லிவிடுங்கள். நீளம் ஒன்றரை அடிக்குக் குறையாமல், அகலம் இரண்டரை முதல் மூன்று அங்குலம், கனம் சுமார் 3 மில்லிமீட்டர். மேல்பக்கத்தில் கொசுக்கடித் தழும்போ, முள் கீறலோ, சூடு போட்ட தழும்போ இல்லாத இடமாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் மறக்காதீர்கள்!

• வாரை பாத்ரூமில் மாட்ட வேண்டாம். காற்றோட்டமுள்ள அறையில், சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள்.

• பிளாஸ்டிக் கவரில் போட்டு மூட வேண்டாம். அடைத்துவைத்த ஈரம்தான் பூசணத்துக்குச் சோறு.

• சுருட்டி வைத்தால் வளைந்த இடம் வெடிக்கும். தொங்கவிடுங்கள், அல்லது நீளவாட்டில் படுக்கவையுங்கள்.

• கத்தியைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வையுங்கள். அடுத்த முறை தீட்டுவதற்கு முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிடுங்கள்.

• பச்சை நிற மெருகுப் பொடியை நல்ல வாரில் பூச வேண்டாம். வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு பலகை வார்.

நெல்லுக்குச் சவரம்

இத்தனை விவரமும் ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவருக்காவது கைவந்த பாடமாக இருந்தது. டெல்டா கிராமங்களில் முடிதிருத்தும் தொழிலாளி வீடு தேடி வருவார். கையில் அடைப்பம். அதற்குள் கத்தி, கத்தரிக்கோல், நகம் வெட்டி, சின்னக் கண்ணாடி, கல், தோல். திண்ணையிலோ குளக்கரை மரத்தடியிலோ வேலை நடக்கும். செவ்வாய், வெள்ளி தவிர.

கூலி பெரும்பாலும் காசாக வராது. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்தபின், வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். 1950-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கேத்லீன் கஃப், ஊர் வேலைக்காரர்களுக்கு நெல்லில் கூலி கொடுத்த இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வருடம் முழுக்க உழைத்துவிட்டு, விளைச்சல் பொய்த்தால் கூலியும் பொய்த்துப்போகும் நிலைமை. அந்தத் தோலைப் பதனிட்டவர்களையும், அதில் கத்தி தீட்டியவர்களையும் ஊர் தள்ளியே வைத்தது. அவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் முகத்தில் வாங்கிக்கொண்டது.

அந்தக் கைப்பக்குவம் போனது இரண்டு கட்டமாக. முதலாவது, பிளேடு. 1901-ல் அமெரிக்காவில் கிங் ஜில்லெட் தொடங்கிய நிறுவனம், விற்பனைக்கு வந்த முதல் வருடமான 1903-ல் விற்றது வெறும் 51 ரேஸர்கள். அடுத்த வருடமே விற்பனை 90 ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு பிளேடு உலகம் முழுக்கப் பரவி, நம்மூர் பெட்டிக்கடை வரை வந்தது. வீட்டில் தாங்களே சவரம் செய்துகொள்பவர்கள் கத்தியை மறந்தார்கள்.

இரண்டாவது, நோய் பயம். 1986-ல் இந்தியாவிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில்தான். அடுத்து வந்த வருடங்களில் 'ஆளுக்கொரு புது பிளேடு' என்பது விழிப்புஉணர்வுப் பிரசாரத்தின் பகுதியானது. சலூன்களில் கத்தியின் இடத்துக்கு, அதே வடிவத்தில், பிளேடு மாட்டும் கைப்பிடி வந்தது. பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியை மாட்டும் அந்த 'டக்' சத்தம் இன்று எல்லோருக்கும் பழக்கம். வைத்தீஸ்வரன்கோவில், புன்னைநல்லூர், நாகூர், வேளாங்கண்ணி என டெல்டாவில் மொட்டை போடும் தலங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கும் இப்போது பிளேடுதான்.

இந்த மாற்றம் சரியானது. எஃகுக் கத்தியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாம். தோல்வாரை அப்படிச் செய்ய முடியாது. வெந்நீரில் போட்டால் வாரே வீணாகிவிடும். ஒருவரின் ரத்தம் பட்ட கத்தியை வாரில் இழுத்து, அதே வாரில் அடுத்தவர் கத்தியை இழுத்தால் தொற்று கைமாற வழியுண்டு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். அதனால், சரிசெய்த தாத்தா வார் உங்கள் ஒரே கத்திக்கு, உங்கள் ஒரே முகத்துக்கு மட்டும்தான். அண்ணன் தம்பிக்குள்கூடப் பங்கு கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. துருப்பிடித்த கத்தி கிழித்துவிட்டால் படிகாரத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

கூலி கொடுத்துக் கேளுங்கள்!

2021-ல் தமிழக அரசு, அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் ஏற்பாடானது. காலம் காலமாக நெல்லையும் தட்டுக்காசையும் நம்பியிருந்த ஒரு தொழிலுக்கு, மாதாமாதம் ஒரு தொகை என்பதே பெரிய விஷயம்.

அந்தத் தலைமுறையில், வாரில் கத்தி தீட்டத் தெரிந்த பெரியவர்கள் டெல்டா ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களின் பாடம் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோல் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது விரல் நுனியிலும், தீட்டியது போதுமா என்பது சத்தத்தைக் கேட்கும் காதிலும் இருக்கிறது. பெயரனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அவர் பெயரன் வேறு வேலைக்குப் போய்விட்டிருப்பார்.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், தாத்தாவின் வாரை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். 'ஐயா, இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேளுங்கள். அவர் முதலில் கத்தியைப் பார்க்க மாட்டார். வாரை வாங்கி உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலைக் கவனித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, சொல்லிக்கொடுத்ததற்கான கூலியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் காலத்தில் கொடுத்ததுபோல அறுவடை வரைக்கும் காத்திருக்க வைக்காதீர்கள்.